ஒருமை பன்மை மயக்கம்

ஆகஸ்ட் 3, சனி

மதுரைக்குப் போய்வந்தோம். டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். இருபத்திரண்டாம் தேதி, வியாழக்கிழமை, காலையில், அன்றைய முதல் ஆபரேஷன்.

பிலோமினாவின் இடது காதுக்குப் பின்னால், மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் இனியும் விட்டுவைத்தால் மூளையை அழுத்தும் என்கிறார். கட்டியை எடுத்தால் அந்த நரம்பும் போகும். வலது காது அவளுக்கு ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தபோதே போய்விட்டது. ஆக, இருபத்திரண்டாம் தேதிக்குப் பிறகு என் மனைவிக்கு எதுவும் கேட்காது. பிற்பாடு கருவி வைத்துப் பார்க்கலாம், வாக்குக் கொடுக்க முடியாது என்றார். இவ்வளவையும் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் ஒரு முட்டையும் இரண்டு கோடும் போட்டு விளக்கினார். நான் முப்பத்து நான்கு வருடம் தமிழாசிரியராக இருந்தவன். உதாரணம் காட்டிச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உதாரணத்துக்கும் ஒரு மரியாதை வேண்டும். முட்டையாம்.

பிலோமினா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பதினேழாந் தேதி வரைக்கும் கேக்கும்ல டாக்டர்?"

"பதினேழாம் தேதி என்னம்மா?"

"கச்சேரி."

ஏதோ சபாவில் நடப்பது என்று நினைத்துக்கொண்டு, "தாராளமா போங்க, அமைதியா உக்காந்து கேளுங்க" என்றார். அவள் தலையாட்டிக்கொண்டு எழுந்தாள். வரும் வழியில் பேருந்து நடத்துனரிடம் காரணமே இல்லாமல் சண்டை போட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கச்சேரி என்றது "உடைகல்" குழுவை. நான்கு பேர், எங்கள் திண்டுக்கல்காரர்கள்தான். இரண்டு கிடார், ஒரு பாஸ், ஒரு டிரம்ஸ். பாடுகிறவர் பெயர் ஜெரோம். முதல் கேசட் 1996-இல் வந்தது. பிலோமினா அப்போது தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். எட்டு மணி நேரம் இடது காதில் ஊரார் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து, அதே காதில் இந்த இரைச்சலை மாட்டிக்கொள்வாள். காது வலிக்கவில்லையா என்பேன். "இப்பத்தான் வலி போகுது" என்பாள். 2007-இல் குழு பிரிந்துவிட்டது. இப்போது ஒரே ஒரு மாலைக்காக, மதுரையில் மறுபடி மேடையேறுகிறார்கள்.

அவர்களுடைய பாட்டுகளில் "யாரது" என்று ஒன்று உண்டு. ஒருவன் ஊர் முழுக்க அலைந்து ஒரு வீட்டைத் தேடிப் பிடித்துக் கதவைத் தட்டுகிறான். உள்ளேயிருந்து ஒரு குரல், "யாரது?" என்று கேட்கிறது. அத்தோடு கிடார் அறுந்த மாதிரி நின்றுவிடும். கேசட்டில் பதில் கிடையாது. பதிலை மேடையிலும் அவர்கள் பாட மாட்டார்களாம். வந்திருக்கிற கூட்டம்தான் பாடும். கேட்டவர்கள் அந்த வரியை வெளியே சொல்லக் கூடாது, எழுதக் கூடாது, அந்த நேரத்தில் போனைப் பைக்குள் வைத்துவிட வேண்டும் என்பது ரசிகர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. பரீட்சை மண்டபத்தில்கூட இவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

பிலோமினா இருபத்தெட்டு வருடமாக ரசிகை. ஒரு கச்சேரிக்கும் போனதில்லை. அந்த வரி என்னவென்று அவளுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 8, வியாழன்

பிளம்பர் வரவில்லை. போனில் மூன்று முறை கத்தினேன்.

ஆகஸ்ட் 10, சனி

அவள் வீட்டில் ஒவ்வொன்றையும் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். குக்கர் விசில், மிக்ஸி, எதிர்வீட்டு கேட். குழாய் ஒழுகுவதைப் பத்து நிமிடம் நின்று கேட்டாள். சரி செய்யாதீங்க, இருபத்திரண்டுக்கப்புறம் பாத்துக்கலாம் என்றாள். எல்லாவற்றையும் கேட்கிறாள், நான் கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, உப்புமாவில் உப்பு இல்லை என்று கத்தினேன். உப்பு இருந்தது.

முன்பே ஏன் கச்சேரிக்குப் போகவில்லை என்று யாராவது கேட்கலாம். மூன்று முறை வாய்ப்பு வந்தது. மூன்று முறையும் சூழ்நிலை சரியாக அமையவில்லை. கடைசி முறை, 2003 ஜனவரியில், எனக்கு அரையாண்டு விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

சிக்கந்தர் வந்தார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயது. உடைகல் கச்சேரி பதினொன்றும் பார்த்தவர். பிலோமினாவை அக்கா என்பார், அவளும் தம்பி என்பாள். எங்கள் இருவருக்கும் கச்சேரி டிக்கெட்டும், அதோடு கையில் கட்டுகிற நுழைவுப் பட்டையும் வாங்கி வந்திருந்தார். அவள் அப்போதே கட்டிக்கொண்டாள்.

"இன்னும் மூணு நாள் இருக்குக்கா. குளிக்கையில நனையும்."

"நனையட்டும். நான் ஒத்தக் கையால குளிச்சுக்குவேன்."

அவள் காபி போட உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டேன். "சிக்கந்தர், கூட்டத்துல அவளுக்குச் சரியாக் கேக்குமான்னு தெரியல. அந்த வரிய என்கிட்ட மட்டும் சொல்லிருங்களேன்."

"சார், நீங்க கேள்வித்தாள முன்னாடியே குடுப்பீங்களா?"

"இது அவசரம்பா."

"அவசரம்னா குடுப்பீங்களா?"

அவர் என் தோளைத் தொட்டார். "முன்னாடி நிக்க வைங்க சார், கேக்கும். நான் மத்தியானமே போய் எடம் பிடிச்சுருவேன்" என்றார். நல்ல மனிதர். இருந்தாலும் அவர் குடித்த டம்ளரைச் சத்தம் வருகிற மாதிரிதான் தொட்டியில் போட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இரண்டு மணிக்குப் பேருந்து ஏறினோம். ஆரப்பாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து, ரிங் ரோட்டுப் பக்கம் கச்சேரித் திடலுக்குப் போகும்போது மணி நாலரை. டிக்கெட்டில் ஆறு மணிக்குள் வரவேண்டும் என்று போட்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வந்திருக்கிறோம். பிலோமினா ரசிகர்கள் அணிகிற கறுப்பு டி-ஷர்ட்டைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். அரை கிலோமீட்டருக்கு வரிசை. ஐந்தேகாலுக்கு நாங்கள் வாசலிலிருந்து ஒரு பேருந்து நீளத் தூரத்தில் நின்றோம். அப்போது வாசலை மூடிவிட்டார்கள்.

உள்ளே இடமில்லையாம்.

நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் தொண்ணூறு பேரைச் சேர்த்துக்கொண்டு, மணி அடித்ததும் ஐம்பது பேரை வெளியே நிறுத்துகிற தலைமையாசிரியரை நினைத்துப் பாருங்கள். அந்த ஐம்பது பேரின் பெயரும் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அவர்கள் என்ன தவறு செய்தார்கள்? வாசலில் காதில் வயர் மாட்டிய ஒருவன் நின்றான்.

"தம்பி, எங்ககிட்ட டிக்கெட் இருக்கு."

"எல்லார்ட்டயும்தாங்க இருக்கு."

"அப்ப எதுக்குப்பா வித்தீங்க?"

"அதை ஆபீஸ்ல கேளுங்க."

"ஆபீஸ் எங்க இருக்கு?"

"உள்ள."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வாசல் வழியாக ஐந்து கார்கள் உள்ளே போயின. பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினேன். வியாழக்கிழமைக்குப் பிறகு இந்த அம்மாவுக்குக் காது கேட்காது, இவளை மட்டும் விட்டுவிடு, நான் வெளியே நிற்கிறேன் என்றேன். அவன் சீட்டை வாங்கினான். முட்டைப் படம் இருந்த பக்கத்தைப் பார்த்தான். "இது ஆஸ்பத்திரி இல்லங்க பெரியவரே" என்று திருப்பிக் கொடுத்தான்.

அவன் சட்டையைப் பிடித்தேன். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு மாணவனை அடித்ததில்லை. பிரம்பே இல்லாத வகுப்பு என்று பெருமையாகச் சொல்வேன். நேற்று, போலீஸ்காரர் ஒருவர் வந்து என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

திரும்பிப் பார்த்தால் பிலோமினா இல்லை. திடலைச் சுற்றித் தகரம் அடித்திருந்தார்கள். என்னைப் போல் வெளியே நின்றவர்கள் இரண்டாயிரம் பேராவது அந்தத் தகரத்தை ஒட்டிச் சாலையோரமாக நின்றார்கள். அவள் அவர்களோடு போய் உள்ளங்கையைத் தகரத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே வாசிக்க ஆரம்பித்ததும் தகரம் அதிர்ந்தது. எனக்கு அது இடியும் தூசியுமாகத்தான் இருந்தது. அவள் மூன்று நொடியில் பாட்டின் பெயரைச் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. சில பாட்டுக்கு இடது காதைத் தகரத்தில் வைத்தாள். கன்னத்தில் துரு ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண், "ஆன்ட்டி, செப்டிக் ஆயிரும்" என்றாள். "ஆகட்டும், ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்" என்றாள் இவள்.

எட்டு மணிக்கு "யாரது" ஆரம்பித்தது. வெளியே நின்ற அத்தனை பேரும் போனைப் பைக்குள் வைத்தார்கள். யாரும் சொல்லவில்லை, தானாக வைத்தார்கள். கிடார் நின்றது. ஜெரோமின் குரல் மட்டும் "யாரது?" என்றது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு உள்ளேயும் வெளியேயும் ஒரே சமயத்தில் பாடினார்கள். என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

பிலோமினா சுற்றிச் சுற்றி வாய்களைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய சத்தத்தில் அந்தக் காதுக்குச் சொல் பிரியவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, என்ன சொன்னாங்க? என்ன சொன்னாங்க?"

இடது காதருகே குனிந்து சொன்னேன். "நாங்க வந்துட்டோம்."

இன்னும் ஏதோ வரும் என்பதுபோல் காத்திருந்தாள். "நாங்களா?"

"ஆமா. நாங்க வந்துட்டோம்."

"சரி" என்றாள்.

பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலை மூடிய வருத்தம். வேறென்ன இருக்க முடியும்?

ஆகஸ்ட் 19, திங்கள்

காலையில் அமைப்பாளர்களுக்குக் கடிதம் எழுதினேன். ஐந்து பக்கம். "கண்டிக்கத்தக்கது" என்ற சொல் ஏழு இடத்தில் வந்திருந்தது. நான்கை அடித்தேன்.

பதினோரு மணிக்குச் சிக்கந்தர் வந்தார். தான் மட்டும் உள்ளே போனதற்காகச் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். பிலோமினாதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். "வெளியில நின்னாலும் நான் கேட்டுட்டேன் தம்பி. நீ யாரதுன்னு கேளு."

"யாரது?" என்றார் சிக்கந்தர், சிரித்துக்கொண்டு.

"நாங்க வந்துட்டோம்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "யாருக்கா சொன்னா? நாங்கன்னா?"

"ஏன், அது இல்லையா?"

அவர் என்னைப் பார்த்தார். "சார், நீங்களா சொன்னீங்க?"

"அர்த்தம் ஒண்ணுதானப்பா" என்றேன்.

அந்த நிமிடம் வரை எனக்கே தெரியாது. கூட்டம் பாடியது "நான் வந்துட்டோம்." எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை. பத்தாம் வகுப்பில் எழுதினால் ஒரு மதிப்பெண் குறைப்பேன். வேண்டுமென்று மாற்றவில்லை. காதில் விழுந்தது, வாய்க்கு வரும் வழியில் தானாகத் திருந்திவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

சிக்கந்தர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "மொதக் கச்சேரிக்கு இருபது பேர்கூட வரல சார். ஜெரோம் அண்ணே யாரதுன்னு கேட்டு நிறுத்துனாரு. கடைசில ஒரு ஆளு, தனியா வந்தவன், தண்ணியப் போட்டுட்டு நின்னான். அவன்தான் கத்துனான். மத்தவங்க சிரிச்சாங்க. அடுத்த கச்சேரில அத்தன பேரும் அதையே பாடுனாங்க. அதுதான் சார் அந்த வரி. அதத் திருத்துனா அதுல ஒண்ணுமே இல்ல."

"எத?" என்றாள் பிலோமினா. "எதத் திருத்துனாரு?"

"நான் சொல்லக் கூடாதுக்கா. திருத்துனவருதான் சொல்லணும்" என்று எழுந்து போய்விட்டார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டி நிறுத்தினாள். "வேணாம். இப்பச் சொன்னாலும் நீங்க திருத்தித்தான் சொல்வீங்க." பிறகு, முப்பத்தொரு வருட வாழ்க்கையில் நான் கேட்டிராத குரலில் பேசினாள்.

"நாங்கன்னா யாரு? அவுங்க. என்னையச் சேக்காம அவுங்க. வாத்தியாருக்கு இது தெரியாதா? தகரத்துக்கு வெளிய நிக்கிறவ காதுல வந்து நாங்க வந்துட்டோம்ங்கிறீங்க. 'நாம'ன்னாவது தப்பாச் சொல்லியிருக்கலாம்ல. ரெண்டு நாளா நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன், இதுக்கா இருபத்தெட்டு வருசம் காத்திருந்தோம்னு. அந்தப் பாட்டு மேலேயே வெறுத்துப் போச்சு எனக்கு. அந்தக் கச்சேரி அன்னைக்கு அறுபது பேப்பரையும் ரெண்டாந்தடவ கூட்டுனீங்களே, அப்பக்கூட நான் ஒண்ணும் சொல்லல. இருக்குறது ஒரு காது. அதுலயும் உங்க செவப்பு மை."

மதியச் சாப்பாட்டுக்கு, கேட்காத வலது காதை என் பக்கம் காட்டி உட்கார்ந்தாள். இரவும் அப்படியே.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அமைப்பாளர்களுக்கு எழுதிய கடிதத்தைப் படித்துப் பார்த்தேன். அதில் உள்ள எதுவும் பொய்யில்லை. அனுப்பிவிட்டேன்.

மொட்டை மாடியில் தனியாக நின்று சொல்லிப் பார்த்தேன். நான் வந்துட்டேன். நாங்க வந்துட்டோம். நாம வந்துட்டோம். "நான்" என்று ஆரம்பித்தால் நாக்கு "டேன்" என்றுதான் முடிகிறது. இத்தனை வருடம் எத்தனையோ பிள்ளைகளிடம், இதுகூடவா வரவில்லை என்று கேட்டிருக்கிறேன்.

அவள் இன்னும் வலது பக்கம்தான்.

ஆகஸ்ட் 21, புதன்

மதுரை. ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். மயக்க மருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். நாளை காலை ஆறரைக்குக் கூட்டிப்போவார்கள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் எல்லாம் போட்டேன்.

பத்தாம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். 2003 ஜனவரியில் சூழ்நிலை நன்றாகத்தான் இருந்தது. அவள் மயில்நீலப் புடவை கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் திருத்தி முடித்துவிட்டேன். மணி நாலு ஐந்து. நாலரைப் பேருந்தைப் பிடித்திருக்கலாம். ஒரு தமிழாசிரியரின் மனைவி அந்தக் கூட்டத்தில் நின்று கத்துவதை யாராவது என் மாணவன் பார்த்துவிட்டால் என்ற எண்ணம் வந்தது. அறுபது தாளையும் முதலிலிருந்து எடுத்து மறுபடி கூட்டினேன். ஒன்றிலும் பிழை இல்லை என்று கூட்டும்போதே தெரியும். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தரைக்கு எழுந்து போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து, காபி வேணுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன்.

வாசலில் நின்ற அந்தக் காது வயர்க்காரனின் சட்டையை நான் பிடித்தேனே. பிடித்திருக்க வேண்டியது யார் சட்டையை?

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு நர்ஸ் வந்து தலையில் பச்சைத் தொப்பி மாட்டினார். பிலோமினா என்னைப் பார்த்தாள். பிறகு தலையணையில் முகத்தைத் திருப்பி இடது காதைக் காட்டினாள். தொப்பியை அவளே காதுக்கு மேல் தூக்கிவிட்டாள்.

"யாரது?" என்றாள்.

"நான்" என்றேன். அங்கேயே நின்றுவிட்டது.

"யாரது?"

"நான் வந்துட்... நான் வந்துட்டோம்."

"பாடணும். ஒப்பிக்கக் கூடாது. அவுங்க இழுத்தாங்கள்ல, எங்க இழுத்தாங்க?"

"நான்-ல."

"அப்ப இழுங்க."

நான் வாழ்க்கையில் பாடியதில்லை. கோயிலில்கூட வாயை மட்டும் அசைப்பேன். பாடினேன். இன்னும் சத்தமா என்றாள். பாடினேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். டோம்-ல ஒடைங்க என்றாள். உடைத்தேன். அவள் எனக்குப் போட்ட மதிப்பெண் என்னவென்று தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகும் கூடவே நடந்தேன். லிஃப்டுக்குள்ளும் அவள் யாரது என்று கேட்டாள், நான் பாடினேன். ஏழு முறையோ எட்டு முறையோ ஆகியிருக்கும்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல பெண். தியேட்டர் வாசலுக்கு வந்ததும் என் கையைத் தொட்டு, பதமாகச் சொன்னாள். "சார், பதட்டப்படாதீங்க. நான் வந்துட்டேன்னு சொல்லுங்க. நான்னா வந்துட்டேன். அம்மாவுக்குக் குழப்பமா இருக்கும்ல."

"குழப்பமெல்லாம் இல்ல" என்றேன். "நான் வந்துட்டோம். அதான் சரி. நான் வந்துட்டோம்தான். தெரியாட்டி வாய மூடிக்கிட்டு வண்டியத் தள்ளும்மா."

அந்தத் தாழ்வாரம் முழுக்க என் குரல் போய்த் திரும்பி வந்தது. காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பிலோமினா படுத்தபடியே வயிறு குலுங்கச் சிரித்தாள். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போதும் சிரித்துக்கொண்டேதான் போனாள்.

மணி இப்போது பதினொன்று பத்து. அந்தப் பெண் வெளியே வந்தால் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்பேன். வாக்கியத்தை மாற்ற மாட்டேன்.